அரை ஸ்பூன் உப்பும் கொளஞ்சியம்மாளும்

மரக்காணம் உப்பளத்தில் கொளஞ்சியம்மாளின் நாக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. உப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவிட்டு, சரியான பதம் வந்ததும்தான் கடைசிப் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். சீக்கிரம் திறந்தால் உப்பு பூக்காது, தாமதித்தால் கசக்கும். பதம் பார்ப்பதற்கு முதலாளிமார் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். கொளஞ்சிக்கு அதெல்லாம் வேண்டாம். குனிந்து சுண்டுவிரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைப்பாள். ஒரு கணம் கண்ணை மூடுவாள். "இன்னும் ரெண்டு நாள் காயட்டும்" என்பாள். குழாயை விட்டுப் பார்த்தால் அதேதான் இருக்கும். ஒரு வருஷம் அந்தக் குழாய் கைதவறி உடைந்துபோனது. புதுசு வரும்வரை பதினைந்து நாள் அந்த அளம் முழுக்க அவள் நாக்கை நம்பித்தான் ஓடியது.

அந்த நாக்குதான் அவளை ஒருநாள் தலைகுனிய வைத்தது. அதை எப்படி அவள் தாண்டி வந்தாள் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு காலேஜின் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ரெண்டும் ஒரே பாத்தியில் விளைந்தவை.

2004ஆம் வருஷம் ஆனி மாதம், பிரம்மதேசம் போகிற ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லை வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்தார்கள். வாசலில் 'சமுதாயக் கல்லூரி' என்று போர்டு. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'தோற்றவர்களுக்கு முதல் உரிமை.' எட்டாவதோடு நின்றவர்கள், பத்தாவதில் கணக்கில் போனவர்கள், பன்னிரண்டாவதில் இங்கிலீஷில் போனவர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். வயசு தடை கிடையாது. ஒரே வருஷம். உடல்நல உதவியாளர் படிப்பு ஒன்று, மின்சார வேலைப் படிப்பு ஒன்று. டீக்கடையில் அதற்கு உடனே பேர் வைத்துவிட்டார்கள்: ஃபெயிலு காலேஜ்.

அதை ஆரம்பித்தவர் தேசப்பன். நாற்பத்தைந்து வயசு, மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு பேனா. திண்டிவனத்தில் ஒரு டுடோரியலில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பாஸ் ஆகிறவர்களை மட்டும் பரீட்சைக்கு அனுப்புவார்கள். சந்தேகமான பிள்ளைகளை, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோட்டீசில் நூற்றுக்கு நூறு போட வேண்டுமே! அப்படி அனுப்பப்பட்ட ஒரு பிள்ளை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சார், அப்ப எனக்குன்னு எந்த எடந்தான் சார்?" என்று கேட்டானாம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவர் இந்த ரைஸ் மில்லுக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் ஆரம்பமே சறுக்கல். பேர் கொடுத்தவர்கள் நாற்பத்தியொரு பேர். ஜூலை முதல் தேதி வந்தவர்கள் ஆறு பேர். மறுவாரம் நாலு. தேசப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேர் கொடுத்தவர்களைத் தேடிக்கொண்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு சைக்கிளில் உப்பளத்துக்குப் போனார். போனால், அவருடைய காலேஜே அங்கேதான் இருந்தது! பேர் கொடுத்த பெண்களில் பாதிப்பேர் தலையில் கூடையும் முழங்கால்வரை உப்புத் தண்ணியுமாக நடந்துகொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று விரலை நக்கிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் அவர் கேட்டார்.

"ஏம்மா, பேர் குடுத்துட்டு யாருமே வரலியே. படிக்க இஷ்டமில்லையா?"

கொளஞ்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், நீங்க எந்த ஊரு?"

"திண்டிவனம்."

"அதான். இன்னா மாசம் இது? ஆனி. வெயில் இருக்குது, காத்து இருக்குது, உப்பு பூத்துகினு இருக்குது. இப்ப வந்து பள்ளிக்கூடம் தொறந்தா எவ வருவா? ஐப்பசில மழ வுழும். அப்பறம் பொங்கல் வரைக்கும் எங்களுக்கு அளத்துல வேலயே கெடையாது. ஊட்ல குந்திகினு பேன் பாத்துகினு இருப்போம். அப்ப தொறங்க, எடம் பத்தாது."

"பொங்கலுக்கு அப்பறம்?"

"விடியறதுக்கு முன்னயே அளத்துக்கு வந்துருவோம். பதினோரு மணிக்கு வேல முடிஞ்சிரும். குளிச்சி, துன்னு, ரெண்டு மணிக்கு வரலாம்."

தேசப்பன் அந்த வரப்பிலேயே நின்றுகொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் கூடையோடு நின்ற கொளஞ்சியின் புருஷன் சுப்ராயன் சிரித்தான். "பாத்தியா, வாத்தியாருக்கே பாடம் எடுக்கறா. சேத்துக்கோங்க சார், ஊட்ல நிம்மதியா இருப்பேன்."

"நீங்க வர்றதா இருந்தா மழைக்குத் தொறக்கறேன்" என்றார் தேசப்பன் அவளைப் பார்த்து.

"நானா? எனக்கு முப்பத்திமூணு வயசாவுது சார்!"

"போர்டுல வயசு எழுதலியே."

ஊரில் எல்லாக் காலேஜும் ஆனியில் திறக்க, இது மட்டும் ஐப்பசியில் திறந்தது. மழை ஆரம்பித்த மூன்றாம் நாள் பத்தொன்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஓட்டுக்கூரை ஒழுகின இடத்தில் பக்கெட் வைத்துவிட்டுப் பாடம் தொடங்கியது. உப்பளத்துப் பெண்கள் ஒன்பது பேர், பிரம்மதேசம் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர், மீனவர் ஊரான எக்கியார்குப்பத்திலிருந்து நாலு பேர். முதல் வாரம் மூன்று கூட்டமும் மூன்று மூலையில் உட்கார்ந்தது. தேசப்பன் அதைப் பார்த்துவிட்டு பெஞ்சுக்கு மூன்று பேர் என்று கலைத்துப் போட்டார். கொளஞ்சியின் பக்கத்தில் வந்து விழுந்தவள் யுவராணி. பிரம்மதேசத்துப் பெண், பத்தொன்பது வயசு, இங்கிலீஷில் மூன்று தடவை போனவள், வாய் மட்டும் எந்தப் பரீட்சையிலும் தோற்காது.

"அக்கா, உங்க மேல உப்பு வாசன வருது."

"உன் மேல சாணி வாசன வருது. நான் சொன்னனா?"

அன்றிலிருந்து ரெண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸ்.

உடல்நலப் பாடம் எடுத்தவள் செந்தமிழ். நர்ஸ் படித்துவிட்டு வந்த இருபத்துநாலு வயசுப் பெண். தன்னைவிட வயசில் மூத்த மாணவிகளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஆரம்பத்தில் எல்லோரையும் "நீங்க" என்றாள். கடைசிவரை அப்படியே இருந்துவிட்டது. கார்த்திகையில் ஒரு நாள் அவள் வயிற்றுப்போக்கு பற்றிப் பாடம் எடுத்தாள். மேஜைமேல் ஒரு லிட்டர் தண்ணீர், சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, ஒரு டீஸ்பூன்.

"கொழந்தைங்க வயித்தால போய் சாகறது வியாதியால இல்ல. ஒடம்புல தண்ணியும் உப்பும் வத்திப் போறதால. கொதிக்கவெச்சி ஆறுன தண்ணி ஒரு லிட்டர். ஸ்பூன் தலையத் தட்டி ஆறு ஸ்பூன் சக்கரை. அதே மாதிரி அரை ஸ்பூன் உப்பு. அவ்ளோதான். ருசி பாத்தா கண்ணீர் அளவுக்குத்தான் உப்பு இருக்கணும். அதுக்கு மேல இருக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துகிட்டே இருந்தா கொழந்த பொழச்சிக்கும்."

கொளஞ்சி எழுந்து வெளியே போனாள். யுவராணி பின்னாலேயே போய்ப் பார்த்தால், சுவரோரம் மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா?"

கொளஞ்சியின் மூத்தது ஒரு பெண் குழந்தை. பதினோரு மாசத்தில், ஒரு சித்திரை வெயிலில், வயிற்றால் போக ஆரம்பித்தது. தண்ணி குடுக்காதே, குடுத்தால் இன்னும் போகும் என்று சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளும் கொடுக்கவில்லை. குழந்தை சொம்பைப் பார்த்துப் பார்த்து நாக்கை நீட்டியது. மறுநாள் காலையில் நீட்டவில்லை.

"அரை ஸ்பூனாம், யுவராணி" என்றாள் கொளஞ்சி. "வருஷத்துக்கு எத்தன மூட்ட உப்பு இந்தத் தலையில செமந்திருப்பேன். அரை ஸ்பூன் உப்பு, என் புள்ளைக்குத் தெரியாம போச்சே."

அன்றைக்கு முடிவு செய்ததுதான். இந்தப் படிப்பை முடிக்க வேண்டும். முடித்து, இந்தக் கடற்கரையில் எந்த வீட்டிலும் இன்னொரு குழந்தை சொம்பைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டே சாகக் கூடாது. இவ்வளவு பெரிய ஆசையை அவள் பெரிய வார்த்தையில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிசம்பர் இருபத்தாறு. கடல் எழுந்து வந்ததைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குப்பத்து வீடுகள் போயின, வலைகள் போயின, ஆட்கள் போனார்கள். உப்பளத்தில் பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் சேறு மூடியது. பிழைத்தவர்கள் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தங்கினார்கள். தேசப்பன் கல்லூரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இனிமே பாடம் அங்க. வாங்க."

முகாமில் ஐந்தாம் நாள் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கரைத்துக் கொடுக்கிற பாக்கெட் தீர்ந்துபோனது. செந்தமிழ் அடுத்த முகாமுக்கு வேனில் கிளம்பும்போது கொளஞ்சியைக் கூப்பிட்டாள்.

"பாக்கெட் வாங்கிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் நீங்க கலந்து குடுங்க. அளவு ஞாபகம் இருக்கில்ல?"

"கனவுலகூட சொல்லுவேன் மிஸ்."

யுவராணி பின்பக்கம் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றி அனுப்பினாள். கொளஞ்சி கலந்தாள். அங்கே இருந்தது தூள் உப்பு இல்லை. யாரோ மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிய கல்லுப்பு. அரை ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். நாக்கில் வைத்தாள். சப்பென்று இருந்தது, பச்சைத் தண்ணி மாதிரி. கல்லுப்பாச்சே, ஸ்பூனில் இடம்விட்டுத்தானே நிற்கும் என்று நினைத்து இன்னொரு அரை போட்டாள். நாக்கில் வைத்தாள். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. மிஸ் சொன்ன கண்ணீர் அளவு வர வேண்டாமா? விரல் நுனியால் அள்ளிப் போட்டாள். இன்னொரு தடவை அள்ளினாள். கடைசியில் கண்ணை மூடிப் பார்த்தபோது லேசாக ஒரு கரிப்பு தட்டியது. இதுதான் என்றாள். அளம் முழுக்க நம்பிய நாக்காயிற்றே! அவள் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

முதல் டம்ளரை எக்கியார்குப்பத்துப் பாப்பாத்தியின் பையனுக்குக் கொடுத்தாள். மோகன், ஒன்றரை வயசு. பாப்பாத்தியின் வீடு போய்விட்டது, மாமியார் போய்விட்டாள். இந்தப் பையனை மட்டும் இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். குழந்தை முதலில் முகத்தைச் சுளித்துத் துப்பியது. "குடிச்சிரு சாமி, என் கண்ணுல்ல" என்று கொளஞ்சி ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர். அப்புறம் இன்னொன்று. புகட்டப் புகட்டக் குழந்தை இன்னும் தண்ணி கேட்டு அழுதது. வாய் காய்ந்தது, கை கால் முறுக்கிக்கொண்டு கிடந்தது. பயந்துபோய் மூன்றாவது டம்ளரை எடுத்தபோதுதான் யுவராணி அடுப்படியிலிருந்து வந்தாள். வெயிலில் நாவறண்டு, அந்தப் பாத்திரத்திலிருந்தே ஒரு வாய் மொண்டு குடித்தாள். குடித்த வேகத்தில் துப்பினாள்.

"அய்ய! இன்னாக்கா இது, கடல் தண்ணியா?"

கொளஞ்சியின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

செந்தமிழ் வந்த வேனிலேயே குழந்தையை ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பாப்பாத்தி ஏறும்போது திட்டவில்லை, சபிக்கவில்லை. கொளஞ்சியை ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைப்பம்பில் முகம் கழுவ உட்கார்ந்தவள் அப்படியே அழுதாள். வழிந்த கண்ணீர் உதட்டில் இறங்கியது. நாக்கு தானாகத் தொட்டுப் பார்த்தது. அவள் அழுகை நின்றுபோனது.

கரிக்கவில்லை. தன் கண்ணீரே தனக்குக் கரிக்கவில்லை! இருபது வருஷம் உப்புக் காற்றைக் குடித்து, உப்பு வேர்வையை நக்கி, உப்புத் தண்ணியில் விரல் தொட்டு நாக்கில் வைத்து வைத்து, சின்ன உப்பை அறிகிற சக்தியே அந்த நாக்கிலிருந்து போய்விட்டிருந்தது. பெரிய உப்பில் ஒரு டிகிரி கூடினாலும் சொல்லும். கண்ணீரின் உப்பு அதற்குத் தெரியாது.

மோகன் மூன்றாம் நாள் கண் திறந்து பால் குடித்தான். அந்தச் சேதி வந்த பிறகும் கொளஞ்சி கல்லூரிப் பக்கம் போகவில்லை. பொங்கல் போனது. அளத்தில் சேறு வழித்து வரப்புக் கட்டும் வேலைக்குப் போனாள். யாராவது தண்ணியில் பதம் பார்க்கக் கூப்பிட்டால், "குழாயில பாத்துக்கோங்க" என்றாள். சுப்ராயன் கிண்டல் செய்வதையே நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தை கடைசியில் ஒரு காலை, அதே வரப்பில் தேசப்பனின் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் கேரியரில் செந்தமிழ்.

"ரெண்டு மணி கிளாஸ் ஆரம்பிச்சி ரெண்டு வாரம் ஆச்சு" என்றார் தேசப்பன். "டைம் சொன்னவங்கள மட்டும் காணோம்."

"நான் வரல சார். எனக்கு அந்த வேல வேணாம். இன்னொரு தாயி புள்ளைய... வேணாம் சார். என்ன வெளிய போன்னு நீங்களே சொல்லிருக்கணும்."

"ஏம்மா, தப்பு பண்ணா வெளிய போன்னு சொல்ற எடமெல்லாம் ஊரு பூரா இருக்குது. அதையே நாங்களும் சொல்றதுக்கு எதுக்கு வாடகை குடுத்து ஒரு ரைஸ் மில்லு?"

கொளஞ்சி சேற்றைக் காலால் நிரவிக்கொண்டே இருந்தாள். செந்தமிழ் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அவளிடம் வந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தப்பு உங்களோடது மட்டும் இல்லைங்க. கண்ணீர் அளவுன்னு சொன்னது நான்தான். புக்குல இருந்தத அப்படியே சொல்லிட்டேன். பாக்கெட்டும் இல்லாம உங்கள விட்டுட்டுப் போனதும் நான்தான். ராத்திரியெல்லாம் யோசிக்கறேன், அளவு மனப்பாடமா தெரிஞ்சவங்க எப்படி அத்தன உப்பு போட்டாங்கன்னு. அதுதான் எனக்குப் புரியல."

அப்போதுதான் கொளஞ்சி கைப்பம்பில் நடந்ததை வாய்விட்டுச் சொன்னாள். "என் கண்ணீரே எனக்குக் கரிக்கல மிஸ்."

செந்தமிழ் அவளுடைய சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க. ஒரே ஒரு நாள். அப்பறம் உங்க இஷ்டம்" என்றாள்.

மறுநாள் மேஜைமேல் ரெண்டு பாத்திரம். ஒன்றில் சரியான அளவு. மற்றொன்றில் ரெண்டு மடங்கு உப்பு. எது சரி என்று செந்தமிழ் சொல்லவில்லை. எல்லோரும் ரெண்டிலும் ஒவ்வொரு மடக்கு குடித்துவிட்டுப் பேப்பரில் எழுத வேண்டும். விவசாய வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரும் சரியாக எழுதினார்கள். கொளஞ்சியைச் சேர்க்காமல் உப்பளத்துப் பெண்கள் எட்டுப் பேரில் ஏழு பேர் உப்பு கூடினதைச் சரி என்று எழுதினார்கள். குப்பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் அதேதான்.

"கருவாடு துன்னுற நாக்கு வேற எப்டி இருக்கும்?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு தானாக அடங்கியது. முகாமில் யார் கையில் ஸ்பூன் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் புரிந்தது. கொளஞ்சி அந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மாசமாக அவள் தனியாகச் சுமந்த கூடையில் ஏழு பேர் கை வைத்த மாதிரி இருந்தது.

அன்று கல்லூரியின் பாட நோட்டில் ஒரு பக்கம் கிழிந்து புதுப் பக்கம் ஏறியது. தேசப்பன் தன் கையால் எழுதினார்: 'உப்பளத்தாரும் கடலோரத்தாரும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கால் சோதிக்கக் கூடாது. தூள் உப்பு. தலை தட்டிய அரை டீஸ்பூன். அளவே சாட்சி. முடிந்தால் கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர் ஆள் ஒருவர் ருசி பார்க்கவும்.' எந்த ஊர்ப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. இந்த மண்ணுக்கு என்று ஒரு காலேஜ் எதற்கு வேண்டும் என்று யாராவது கேட்டால், அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்.

கொளஞ்சி படிப்பை விடவில்லை. விடியலில் உப்பு, மத்தியானம் பாடம். 2005 கார்த்திகையில், ரோடெல்லாம் வெள்ளம் ஓடின ஒரு நாளில், செய்முறைப் பரீட்சைக்கு மெட்ராஸிலிருந்து ஒருவர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கொளஞ்சிக்கு விழுந்தது அதே கேள்வி. அவள் கத்தியின் முதுகால் ஸ்பூனின் தலையைத் தட்டினாள். நிமிர்த்திப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். கலக்கி வைத்தாள்.

"சரி, ருசி பாத்து சொல்லுங்க" என்றார் வந்தவர்.

"நான் பாக்க மாட்டேன் சார்."

"பாக்கணும்மா. அதுக்கும் மார்க் இருக்கு."

"மார்க் போனா போவட்டும். என் நாக்கு உப்பளத்து நாக்கு, பொய் சொல்லும். நீங்க குடிச்சிப் பாருங்க."

அவர் தேசப்பனைத் திரும்பிப் பார்த்தார். தேசப்பன் கூரையைப் பார்த்தார். வந்தவர் டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். அப்புறம் முழுசாகக் குடித்துவிட்டார். "கரெக்டா இருக்கு" என்று சொல்லி மார்க் போட்டார்.

பாஸ். முப்பத்திநாலு வயசில் கொளஞ்சியம்மாள் ஒரு சான்றிதழ் வாங்கினாள். சுப்ராயன் அதை உப்பு பட்டுவிடும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு மாட்டினான். கல்லூரியே நடத்திய சின்ன மருந்தகத்தில் யுவராணியோடு அவளையும் உதவியாளராக வைத்துக்கொண்டார்கள். காயத்துக்குக் கட்டுவாள், பிரஷர் பார்ப்பாள், பிள்ளைத்தாய்ச்சிகளைக் கையோடு கூட்டிப்போவாள். ஆனால் குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று யாராவது வந்தால் மட்டும், கலக்கி, ருசி பார்த்துப் புகட்டச் சொல்லி யுவராணியின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். சான்றிதழ் வந்துவிட்டது, பயம் போகவில்லை. எந்தக் காரியத்துக்காக அந்தப் படிப்பைப் படித்தாளோ, அந்த ஒரு காரியத்தை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை.

2006 பங்குனி. மத்தியான வெயிலில் எக்கியார்குப்பத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார்.

"பாப்பாத்தி பையனுக்கு வயித்தால போவுதாம். உன்னக் கூட்டியாரச் சொல்லுச்சு."

"யுவராணி, நீ போ" என்றாள் கொளஞ்சி.

"இல்லம்மா. உன்னத்தான்னு சொல்லுச்சு. பேரச் சொல்லி."

கொளஞ்சி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துபோன அந்தத் தூரம் முழுக்க, பாப்பாத்தி வேனில் ஏறும்போது பார்த்த பார்வைதான் கூடவே வந்தது. எதற்குக் கூப்பிடுகிறாள்? இப்போதாவது திட்டுவதற்கா?

புதிதாகக் கட்டின வீட்டின் வாசலில் பாப்பாத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் மோகன். இப்போது மூன்று வயசு ஆகப்போகிறது. கண் குழிவிழுந்து துவண்டு கிடந்தான்.

"ஏன் பாப்பாத்தி, என்ன ஏன் கூப்ட்ட? யுவராணி நல்லா பாத்துக்குமே."

"மத்தவங்க தெரியும்னு ஊத்துவாங்க" என்றாள் பாப்பாத்தி. "நீ பயந்துகினு ஊத்துவ. எனக்கு அதான் வேணும். வெரசா கலக்கு."

கொளஞ்சி உட்கார்ந்தாள். தண்ணீரை அளந்தாள். சர்க்கரையை ஆறு தடவை தட்டிப் போட்டாள். பையிலிருந்து தூள் உப்பை எடுத்தாள். கத்தி முதுகால் ஸ்பூனைத் தட்டினாள், பாதியை வழித்தாள். கொஞ்சம் சிந்தியது. கொட்டிவிட்டு முதலிலிருந்து தட்டினாள். கலக்கி முடித்ததும் வழக்கமாக நிமிர்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். ருசி பார்க்க யுவராணி இல்லை.

"குடு, நான் பாக்கறேன்" என்று பாப்பாத்தி கையை நீட்டினாள்.

"உன் நாக்கு மட்டும் இன்னா வெல்லமா? நீயும் கடல்காரிதான். வேணாம்."

பாப்பாத்தி அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். கொளஞ்சி இன்னொரு தடவை ஸ்பூனைப் பார்த்தாள். அளவே சாட்சி என்று தேசப்பன் எழுதினது ஞாபகம் வந்தது. பையன் வாயருகே முதல் ஸ்பூனைக் கொண்டுபோனாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுளிக்கவில்லை. விழுங்கினான். நாக்கை நீட்டினான்.

சொம்பைப் பார்த்து நீட்டிய நாக்கும் இதேபோலத்தான் இருந்தது. இந்தத் தடவை கொடுக்க அவள் கையில் இருந்தது. கொடுத்தாள்.

ஒரு ஸ்பூன், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு ஸ்பூன். வெயில் வாசலிலிருந்து நகர்ந்து சுவரில் ஏறியது. ஒரு தடவை வாந்தி எடுத்தான். பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுத்தாள். ரெண்டாவது டம்ளர் பாதியில் கண் கொஞ்சம் தெளிந்தது. "மூத்திரம் போனானா?" என்று நாலாவது தடவையாகக் கேட்டாள். "காலையிலேர்ந்து இல்ல" என்றாள் பாப்பாத்தி. அது வரவேண்டும். உடம்பில் தண்ணி நின்றதற்கு அதுதான் அடையாளம். வராமல் இருட்டிவிட்டால் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வண்டிக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

மூன்றாவது டம்ளர் ஆரம்பிக்கும்போது பையன் அவள் மடிக்கு மாறியிருந்தான். திடீரென்று வெதுவெதுப்பாக அவள் புடவை நனைந்தது. ஒரு நொடி ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது என்றே புரியவில்லை.

"ஐயோ, புதுப் பொடவ!" என்று பாப்பாத்தி துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "டேய், எந்திரிடா! யக்கா, குடு அவன, தொடைக்கறேன்."

கொளஞ்சி பையனை விடவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள்.

"இரு, இரு" என்றாள். "முழுசா போவட்டும்."